சீக்கோ நகரக் கூடாது

பதினாறு வருடம் எங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்க்காத நிபியா ஒகாம்போ, ஜூலை மாதத்து மழை நாள் ஒன்றில் என் கண்ணாடிக் கடைக்குள் வந்து நின்றாள். நான் யாருடைய குளியலறை ஜன்னலுக்கோ அளவு வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வெட்டும்போது பாதியில் நிமிரக் கூடாது. கோட்டை இழுத்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், கதவருகே ஒரு ஒல்லியான பெண். மழைக்கோட்டுக்குள் எதையோ சுருட்டி அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிகளை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உடைச்சிடாத," என்றேன்.

"குண்டா, நீ இன்னும் இளைக்கலையா?" என்றாள்.

நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என் பெயர் வில்மர். ஆனால் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. குடுவையில் மாத்தே இலைக் கசாயம் ஊற்றி உறிஞ்சுகுழாயோடு கொடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்கும் கதவுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தாள்.

"இசைப் பள்ளியில தாளம் சொல்லித் தர்றேன், தெரியும்ல? அங்க ஒரு உருப்படி கேட்டிருக்காங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள. பாட்டு கெடையாது, வெறும் வாத்தியம். தாளத்துல என்னென்ன வித்தை உண்டோ அத்தனையும் பசங்க அந்த ஒரே உருப்படியில கேக்கணும்."

"எழுதிட்டியா?"

"ஏழு தடவ."

கோட்டுக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து என் கண்ணாடி மேல் விரித்தாள். எனக்கு இசை நோட்டு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஏழு தடவை அடித்துத் திருத்திய காகிதத்தை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சில இடங்களில் ரப்பர் தேய்த்தே ஓட்டை விழுந்திருந்தது.

"பள்ளிப் பசங்கள வச்சு வாசிச்சுப் பாத்தேன். ஒரு அடி தப்பல. எல்லாம் இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. ஆனா உசுரில்லாம கெடக்கு குண்டா. தெருவுல அடிச்ச கை வேணும். உன் பியானோ வேணும். ரெபீக்கே நான் வாசிக்கிறேன்."

பியானோ என்றால் கட்டை வைத்த பியானோ இல்லை. எங்கள் மேளத்தில் மூன்று வகை. பியானோ, வயிறு பெருத்த பெரிய மேளம். அதுதான் என்னுடையது, என் உடம்புக்கு ஏற்றது என்பார்கள். ரெபீக்கே நடுவாந்தரம். வாயாடி. கூப்பிடும், சீண்டும், குறுக்கே பேசும். மூன்றாவது சீக்கோ. ரொம்பச் சின்னது. அதற்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு தாளமும் விழுகிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதன் பின்னாலேயே மூன்று அடி. மறுபடி காலி, மறுபடி மூன்று. இரண்டு மணி நேரம் ஊர்வலம் போனாலும் அது மாறாது.

"அப்ப சீக்கோ யாரு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் முதல் தடவையாக அவள் நடை நின்றது.

"சுல்மா அத்தை," என்றாள்.

கையிலிருந்த கண்ணாடி வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி மேள ஊர்வலப் போட்டி. இஸ்லா தே ஃப்ளோரெஸ் தெருவில் இரண்டு பக்கமும் ஜனம். எங்கள் வரிசையில் நாற்பது மேளம். நிபியாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ரெபீக்கே வாசித்த ஒரே பெண். நடுவர்கள் உட்கார்ந்திருந்த மேடைக்கு நேர் எதிரே எங்கள் தாளம் உடைந்தது. நாற்பது மேளம் ஒரு பக்கம் போகிறது, நிபியாவின் ரெபீக்கே வேறொரு இடத்தில் விழுகிறது. எங்கள் ஆட்கள் இதைக் 'குறுக்கே விழுவது' என்பார்கள். மேளக்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வரிசைத் தலைவர் ஆர்தீகாஸ் மெதெய்ரோஸ் கூட்டத்துக்குள் புகுந்து போய், அவள் தோளிலிருந்து மேளத்தின் வாரைக் கழற்றி இன்னொருவனிடம் கொடுத்தார். நடந்துகொண்டே, ஊரே பார்க்க. அவள் முகத்தில் வெள்ளைச் சாயக் கோடுகளோடு எங்கள் பின்னால் ஒரு முடுக்கு வரை வந்தாள். அங்கே பக்கத்துத் தெருவில் திரும்பிப் போனவள்தான்.

அந்த வருடம் நாங்கள் ஒன்பதாவது இடம். அதற்கப்புறம் எங்கள் தெருவில் ஒரு பேச்சு வந்தது. யாராவது தாளம் தப்பினால், "ஏய், நிபியா போடாத," என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, நிறையத் தடவை.

அன்றைக்கு அவளுக்கு நேர் பின்னால் சீக்கோ வாசித்தவள் சுல்மா.

*

சுல்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடமாக எங்கள் வரிசையின் முதல் சீக்கோ. தெருவில் எல்லோருக்கும் அத்தை. நாங்கள் போனபோது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவள் இடுப்பளவு அண்டா ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். நிபியாவைத் தலையிலிருந்து கால் வரை அளந்தாள்.

"வா, நோட்டுக்காரி," என்றாள் கடைசியில். "பதினாறு வருஷத்துல ஒரு கிலோ ஏறல. அந்தப் பள்ளியில சோறு போடறதில்லையா?"

"போடறாங்க அத்தை. நின்னு திங்க நேரமில்ல."

"நீ என்னைக்கு நின்ன?"

நிபியா காகிதத்தை எடுக்கவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் இரண்டு கையாலும் உருப்படி முழுவதையும் தட்டிக் காட்டினாள். சுல்மா ஈரக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டாள். அவ்வப்போது தலை ஆடியது. ஓரிடத்தில் மட்டும் ஆட்டம் நின்றது.

"இங்க என்ன பண்ற?"

"இங்க சீக்கோ தள்ளிப் போகுது அத்தை. ஒவ்வொரு சுத்துக்கும் கால் அடி. ரெபீக்கேயும் பியானோவும் நின்ன எடத்துலயே நிக்கும். நாலாவது தடவ தள்ளும்போது சீக்கோ வீட்டுக்குத் திரும்பி வந்துடும்."

"சீக்கோ நகரக் கூடாது."

"தெரியும். அதனாலதான் நகர்த்தறேன்."

"தரை நகந்தா மேல நிக்கிறவன் கதி?"

"அதைக் கேக்கணும்னுதான் எழுதியிருக்கேன்."

சுல்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டுவதில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இல்லை. ஆனால் அவள் போய்க் குழாயை மூடினாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "எந்தக் கிழமை?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிபியாவுக்கு அதுகூடத் தோன்றவில்லை. அவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

*

சனிக்கிழமை மத்தியானங்களில் என் கடைக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் வாசித்தோம். முற்றத்தில் பழைய பலகைகளைக் கொளுத்தி மேளத் தோல்களைச் சூடு காட்டுவோம். தோல் இறுகியதும் உள்ளே போவோம். பியானோவை ஓங்கி அடித்தால் கடைக் கண்ணாடிகள் எல்லாம் உறுமும்.

உருப்படி மொத்தமே நான்கு நிமிடம் நாற்பது நொடி. முதலில் மூன்று மேளமும் ஒவ்வொன்றாக வரும். அடுத்து நான் நான்கு அடி அடிக்கிற நேரத்துக்குள் நிபியா மூன்று அடி அடிப்பாள். ஒரே மாடிக்கு இரண்டு படிக்கட்டில் ஏறுகிற மாதிரி, ஒன்றில் நாலு படி, ஒன்றில் மூன்று படி, ஆனால் மேலே போய்ச் சேருவது ஒன்றாகத்தான். பிறகு அவளுடைய அந்த மூன்றே எல்லோருக்கும் புது நடையாக மாறும், வேகம் தானாகக் கூடும். அதற்கப்புறம் இரண்டு சுற்று மௌனம். யாரும் தலையாட்டக் கூடாது, கால் தட்டக் கூடாது. உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்து மூன்று பேரும் ஒரே அடியில் இறங்க வேண்டும். முதல் வாரம் நாங்கள் மூன்று பேரும் மூன்று இடத்தில் இறங்கினோம்.

"தும்மல் வந்தாக்கூட இதை விடச் சேந்து வரும்," என்றாள் சுல்மா.

நிபியாவுக்குச் சிரிக்க நேரமில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வருவாள். இன்றைக்குச் சரி என்று சொன்னது நாளைக்குச் சரியில்லை. காலை ஆறரைக்குப் போன் அடிக்கும். எடுத்தால் பஸ் சத்தம். "குண்டா, மௌனத்த மூணு சுத்தாக்கிட்டேன்," என்பாள். எட்டு மணிக்கு மறுபடி அடிக்கும். "வேணாம், ரெண்டே இருக்கட்டும்." டிக்கெட்டுப் பின்னால், ரொட்டி சுற்றி வந்த தாளில், ஒரு தடவை தன் முன்கையில் கூட எழுதிக்கொண்டு வந்தாள். எங்களோடு பேசும்போதும் அவள் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"எதை எண்ணற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சரிபாக்கறேன்," என்றாள்.

"எதைச் சரிபாக்கற?"

"தெரியல. பழகிடுச்சு."

சீக்கோ நகர்கிற அந்தப் பகுதி மட்டும் மூன்று வாரமாக நடக்கவேயில்லை. ஒரு வாரம் சுல்மாவுக்கு மணிக்கட்டு வலி. ஒரு வாரம் மழை, தோல் தொய்ந்துவிட்டது என்றாள். இன்னொரு வாரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் அவள் அபாரமாக வாசித்தாள். நிபியாவின் பள்ளிப் பிள்ளைகளால் ஏன் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் எண்ணினார்கள். சுல்மா எண்ணவில்லை, அவள் நடந்தாள்.

நான்காவது சனிக்கிழமை நிபியா கொட்டகைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"இன்னைக்கு அதை வாசிக்காம யாரும் வெளிய போகப்போறதில்ல அத்தை."

"என்னடி, பூட்டி வைக்கப் போறியா?"

"ஆமா."

சுல்மா என்னைப் பார்த்தாள். நான் மேளத்தைப் பார்த்தேன். அவள் குச்சியைக் கையில் எடுத்தாள்.

ஆரம்பித்தோம். நான்கு சுற்று எல்லாம் பழையபடி. ஐந்தாவது சுற்றில் சுல்மா கால் அடி தள்ளினாள். அந்த நொடியை எப்படிச் சொல்வது? இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து, அது இல்லாமல் போவது போல. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது, சுகமாகப் போனது. போய்க்கொண்டிருக்கும்போது நிபியாவின் ரெபீக்கே காதில் இடறியது. அவள் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தாள். குறுக்கே விழுந்திருந்தாள்.

அவள் நிறுத்தினாள். நாங்களும் நிறுத்தினோம்.

"நிபியா போட்டுட்ட," என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"இன்னொரு தடவ," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

இன்னொரு தடவை வாசித்தோம். மறுபடி அதே இடம், அதே இடறல். இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே தன் அடியைத் தொடர்ந்தாள். நான்கு சுற்று முடியும் வரை தொடர்ந்தாள். பிறகு குச்சியைக் கீழே வைத்தாள்.

"வில்மர்," என்றாள். "நீ நின்ன எடத்துலயே நிக்கணும்னு எழுதியிருக்கேன். நீ ஏன் அவங்க கூடப் போன?"

"நானா? நான் போகலையே."

"ரெண்டு தடவையும் போன."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. போயிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

"சீக்கோ எங்க போகுதோ அங்கதானே பியானோ போகும்," என்றேன். "கை தானா போகுது. அதை யாரு கேட்டா?"

நிபியா அப்படியே நின்றாள். அவளை அவ்வளவு அசையாமல் நான் பார்த்ததே இல்லை. விரல்கூட எண்ணவில்லை.

"இந்தச் சத்தத்த நான் முன்னாடி கேட்டிருக்கேன்," என்றாள். "இதே சத்தம்தான். நான் சரியா வாசிச்சுக்கிட்டிருக்கேன், சுத்தி இருக்கறவங்க எல்லாம் கால் அடி தள்ளி நிக்கறாங்க. இஸ்லா தே ஃப்ளோரெஸ் தெருவுல, நடுவர் மேடைக்கு எதிர்ல."

சுல்மாவைப் பார்த்தேன். அவள் தன் மேளத்தின் தோலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நீதானா?" என்று நிபியா கேட்டாள். 'அத்தை' இல்லை, 'நீங்க' இல்லை.

"கை கிழிஞ்சு போச்சு," என்றாள் சுல்மா. "கொப்புளம் உடைஞ்சு ரத்தம். கை வழுக்கி ஒரு அடி கால் பங்கு பிந்திப் போச்சு. அடுத்தத எங்க போடணுமோ அங்க போடல, வந்த எடத்துல போட்டுட்டேன். என் பக்கத்துல இருந்த சீக்கோ எல்லாம் என்னைப் பாத்துத்தான அடிக்கும், அதுங்க கூடவே வந்துச்சு. பின்னாலயே பியானோ. நீ ஒருத்திதான் வரல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே."

"அப்பவேன்னா?"

"ரெண்டாவது அடியிலயே தெரியும்டி. திரும்பிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள ஆர்தீகாஸ் வந்துட்டாரு. வந்தவரு என்னைப் பாக்கல, உன்னைப் பாத்தாரு. நாப்பது பேரு ஒரு பக்கம் இருந்தா யாரைப் பாப்பாங்க? மறுநாள் சொல்லிடலாம்னு இருந்தேன். மறுநாள் நீ வரல. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது கஷ்டமாயிடுச்சு. அப்புறம் அவரு செத்துட்டாரு."

"நான் உயிரோடதான இருந்தேன்," என்றாள் நிபியா. "பதிமூணு பஸ் நிறுத்தம் தள்ளி."

நிபியா காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். ரெபீக்கேவை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது நிபியா. நீ தப்பினேன்னுதான் நான்..."

"ம்," என்றாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்."

*

இரண்டு வாரம் அவளிடமிருந்து போனே இல்லை. காலை ஆறரைக்குத் தானாக விழிப்பு வரும். போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கடையில் இரண்டு கண்ணாடியை அளவு தப்பி வெட்டினேன். அந்த ஊர்வலத்தில் எனக்கு முன்னால் நடந்த முதுகுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒரு நொடியாவது, அவள் பக்கம் சரியாக இருக்குமோ என்று நான் யோசித்தேனா? இல்லை. எல்லோரோடும் சேர்ந்து போனது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருமுனையில் நெருப்பைச் சுற்றி மேளங்களைச் சூடு காட்டிக்கொண்டிருந்தோம். முப்பது பேராவது இருப்போம். சுல்மா வந்தாள். மேளத்தை நெருப்புப் பக்கம் வைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, முழுவதையும் சொன்னாள். கொப்புளம், இரண்டாவது அடி, ஆர்தீகாஸ், எதையும் விடவில்லை. இரக்கம் கேட்கிற குரல் இல்லை. சூப்புக்கு உப்பு மறந்துவிட்டேன் என்கிற சமையல்காரியின் குரல் போல, சாதாரணமாகத்தான் சொன்னாள். உதடு மட்டும் காய்ந்திருந்தது.

பழைய ஆட்கள் நெருப்பைப் பார்த்தார்கள். ஒருவர், "விடு சுல்மா, எந்தக் காலத்துக் கதை," என்றார்.

"உனக்கு எந்தக் காலமோ," என்றாள் அவள்.

ரெபீக்கே வாசிக்கும் இருபது வயதுப் பெண் ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நிபியாங்கறது ஒரு ஆளா?" என்று கேட்டாள். அவளுக்கு அது வெறும் வார்த்தை. சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறாள்.

"ஆளுதான். என் கூடப் படிச்சவ," என்றேன்.

அன்றைக்குச் சுல்மா எங்களோடு நடக்கவில்லை. மேளத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளில்லாமல் வரிசை ஒரு மாதிரி தள்ளாடியது. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை காலை ஆறு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது. பஸ் சத்தம்.

"குண்டா, சனிக்கிழமை வா. அவங்களையும் வரச் சொல்லு."

"நிபியா, அத்தை ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும்..."

"கேள்விப்பட்டேன். பத்துப் பேரு போன் பண்ணிட்டாங்க. பதினாறு வருஷம் ஒருத்தன் பண்ணல. சனிக்கிழமை ரெண்டு மணி."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூன்று பேரும் கொட்டகையில் நின்றோம். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. நிபியா புதுக் காகிதத்தை விரித்தாள். அதில் ஒரு அழிப்பு இல்லை.

"அந்தப் பகுதிய மாத்திட்டேன்," என்றாள். "சீக்கோ நகர வேண்டாம். அது நின்ன எடத்துலயே நிக்கட்டும். நானும் வில்மரும் சேந்து கால் அடி தள்றோம், ஒவ்வொரு சுத்துக்கும். கேக்கறவங்களுக்கு சீக்கோதான் நகர்ற மாதிரி இருக்கும்."

சுல்மா மேளத்தைக் கீழே வைத்தாள். "எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம். நான் நகர்றேன். பழகிட்டு வந்திருக்கேன், வீட்டுல."

"உங்களுக்காக இல்ல," என்றாள் நிபியா. 'நீங்க' திரும்பி வந்திருந்தது. 'அத்தை' வரவில்லை. "இதுதான் நல்லா இருக்கு. அன்னைக்கு ஒருத்தி நின்னு எல்லாரும் நகந்தாங்க. அது எப்படிக் கேக்கும்னு இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சத எழுதாம என்ன பண்றது?"

கஷ்டப்பட்டது நான்தான். சீக்கோவை விட்டு நகரு என்று முப்பது வருடக் கைக்கு யார் சொல்வது? முதல் நாள் பத்துத் தடவையும் சுல்மாவிடமே போய் ஒட்டிக்கொண்டேன். நிபியா என் எதிரே வந்து நின்று, தன் முகத்தையே பார்க்கச் சொன்னாள். "அவங்களைக் கேக்காத. என்னைக் கேளு." பதினோராவது தடவை அவள் கூடவே போனேன். அவளோடு தள்ளி நின்று கேட்டபோது சீக்கோ மிதந்தது. எழும்பி, விலகி, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. ஆனால் சுல்மாவின் கை முன்பு இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

*

செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. இசைப் பள்ளியின் சின்ன அரங்கம். முன்வரிசையில் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் எங்கள் தெரு ஆட்கள் ஒரு பதினைந்து பேர், சுவரோரமாக. உட்கார இடமிருந்தும் நின்றார்கள்.

நிபியா மேடைக்குப் பின்னால் எட்டடி இடத்தில் நடந்துகொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் மூன்றாம் பக்கத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். சுல்மா, "வெட்டினா நான் அதையும் சேத்துத்தான் வாசிப்பேன்," என்றாள். போனோம்.

மூன்றுக்கு நான்கு அடிக்கிற பகுதி நன்றாக வந்தது. மௌனத்தில் அரங்கமே மூச்சைப் பிடித்தது. யாரோ இரும ஆரம்பித்து அடக்கிக்கொண்டார்கள். நாங்கள் ஒரே அடியில் இறங்கினோம், தும்மலை விடச் சேர்ந்தே. பிறகு அந்தப் பகுதி. முதல் நகர்வில் முன்வரிசை மாணவன் ஒருவனின் பென்சில் நின்றது. இரண்டாவதில், காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொலைத்தார்கள். சுவரோரம் நின்ற எங்கள் ஆட்கள் சுல்மாவின் கையையே பார்த்தார்கள். மூன்றாவது நகர்வில் எனக்கு எங்கேயிருக்கிறேன் என்று தெரியவில்லை. நிபியாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். நான்காவதில் வீட்டுக்கு வந்தோம். அப்போது சுல்மாவின் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா, எனக்குத் தெரியாது. கை மாறவில்லை.

முடிந்ததும் ஒரு ஆசிரியர் மேடைக்கு வந்து சுல்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு துல்லியமாக எப்படி நகர்ந்தீர்கள் என்று கேட்டார்.

"நான் நகரல சார். அவங்கதான் நகந்தாங்க," என்றாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, தெரு ஆட்களோடு கிளம்பினாள். நிபியாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தாண்டிப் போகும்போது அவள் முழங்கையை மட்டும் ஒரு தடவை அழுத்தினாள். நிபியா கையை இழுக்கவில்லை, திருப்பி அழுத்தவும் இல்லை.

நானும் நிபியாவும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து குளிர்காற்று.

"அத்தைய மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"தெரியல குண்டா. அவங்க மேல இருக்கற கோபம் கொஞ்ச நாள்ல போயிடும். என் மேல இருக்கறதுதான் போகல. அன்னைக்கு நான் சரியா வாசிச்சேன். என் காது சொல்லுச்சு, சரிதான்னு. நாப்பது பேரு எதிர்ல நின்னதும் அதை நம்பாம விட்டுட்டேன். அன்னையிலேருந்து ஒவ்வொரு அடியையும் ரெண்டு தடவ எண்ணிப் பாக்கறேன். சோறு திங்கும்போதுகூட."

"இப்பவும் எண்ணறியா?"

கையைத் தூக்கிப் பார்த்தாள். "பழக்கம்தான. ஒரே நாள்ல போயிடுமா?"

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனார்.

"மூணாம் பக்கம் இழுவையாத்தான் இருக்கு," என்றாள். "ரெண்டு சுத்து கொறைக்கணும். அப்புறம் கடைசியில ரெபீக்கே அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு வரக் கூடாது. நீ வந்துடு, அவங்க அங்கயே இருக்காங்க, நான் மட்டும் இன்னும் ஒரு சுத்து வெளிய நின்னா?"

"கேக்கறவன் நீ தப்பிட்டேன்னு நினைப்பான்."

"நினைக்கட்டும்," என்றாள். "வா, நடந்துக்கிட்டே பேசலாம்."

அடுத்த நிறுத்தம் வரை நடந்தோம். அங்கேயும் ஒரு பஸ் வந்தது. அதையும் விட்டோம்.